ஊர் போட்ட முதல்: கோயம்புத்தூர் தொழில்நகரான வரலாறு

தொழில் தொடங்குவதற்கு என்ன வேண்டும் என்று எவரைக் கேட்டாலும் "முதல் வேண்டும்" என்பதே விடையாக வரும். முதல் உள்ளவன் தொழில் செய்கிறான். இல்லாதவன் அவனிடம் வேலைக்குச் செல்கிறான். இவ்வளவு எளிதாகக் கணக்கை முடித்துவிட்டால், ஒரே அளவு செல்வமுடைய இரண்டு ஊர்களில் ஒன்று ஆயிரம் பட்டறைகளோடும் மற்றொன்று நான்கு கடைகளோடும் நிற்பது ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. தனிமனிதன் போடும் முதலுக்கு முன்பாக, ஊர் போட்டு வைத்திருக்கும் முதல் என்று ஒன்று உண்டு. அது எவருடைய பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. அந்த எழுதப்படாத கணக்கைக் கோயம்புத்தூரின் வரலாற்றிலிருந்து சற்றே எடுத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மில் பெரும்பாலோர் நகரங்களின் வரலாற்றைக் கோயில்களின் வழியாகவும் அரசர்களின் வழியாகவுமே படித்துப் பழகியவர்கள். தஞ்சை என்றவுடன் இராஜராஜனும், மதுரை என்றவுடன் நாயக்கரும் நினைவுக்கு வருகிறார்கள். கோயம்புத்தூர் என்றவுடன் எந்த அரசனும் நினைவுக்கு வருவதில்லை. பேரூர்க் கோயில் தொன்மையானதுதான். ஆயினும் இன்றைய கோவையை ஆக்கியவை பஞ்சாலையும் வார்ப்படச்சாலையும் லேத் பட்டறையும். கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. பட்டறைக்கு ஏது கல்வெட்டு? ஆகவே இவ்வரலாற்றை நாம்தான் முயன்று திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழமையின் சான்றுகள்

நொய்யல் ஆற்றங்கரையில் தொழிலும் வணிகமும் புதியவை அல்ல. கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. ஆற்றின் வழியே கிழக்கே சென்றால் சென்னிமலைக்கு அருகில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் கொள்கை. அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், அரிய கற்களில் மணி செய்த பட்டறைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. மேலைக் கடற்கரையையும் உள்நாட்டையும் இணைத்த பெருவழி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக இப்பகுதியைத் தொட்டுச் சென்றது.

இச்சான்றுகளைக் கண்டவுடன் "இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொங்கு மண்ணின் இரத்தத்தில் தொழில் ஓடுகிறது" என்று எழுதிவிட மனம் துடிக்கும். அவ்வாறு எழுதுவது பெருமைக்கு உதவலாம், வரலாற்றுக்கு உதவாது. கொடுமணல் உலை அணைந்ததற்கும் கோவையில் முதல் பஞ்சாலை எழுந்ததற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து கொங்கு நாடு கும்பினியார் கைக்கு வந்தபோது கோயம்புத்தூர் ஒரு சிற்றூருக்குச் சற்றே பெரிய ஊர், அவ்வளவுதான். இரத்தத்தில் ஓடியது என்று சொல்வதைவிட, பின்வந்தவர்கள் படிப்படியாகக் கட்டினார்கள் என்று சொல்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

மண்ணும் கிணறும்

கோவைப் பகுதியின் இயற்கை அமைப்பு ஒருவகையில் கஞ்சத்தனமானது. காவிரி பாயும் தஞ்சையைப்போல் ஆற்றுநீரை நம்பி இங்கு வேளாண்மை செய்ய இயலாது. நொய்யல் மழைக்காலத்து ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடப்பதால் மழையும் குறைவு. எனவே கொங்கு உழவன் கிணறு வெட்டினான். ஆழம் போகப்போகக் கவலை கட்டி, எருதுகளைக் கொண்டு நீர் இறைத்தான். இவ்வளவு உழைப்பும் செலவும் போட்டு எடுத்த நீரில் நெல்லை மட்டும் விளைவித்தால் கட்டுப்படியாகாது. காசு தரும் பயிர் வேண்டும். கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி அறிமுகமானது. இழை நீண்ட அப்பருத்தி கிணற்றுப் பாசனத்தில் செழித்தது.

இங்கு இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, கிணற்றுக்குச் செலவு செய்யும் உழவன் வரவு செலவு பார்த்தே தீரவேண்டியவன். வட்டி, விலை, போக்குவரத்து ஆகியவை அவனுக்குப் பழக்கமானவை. இரண்டாவது, கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவருவது எப்படி என்பது இவ்வட்டாரம் முழுவதற்கும் அன்றாடக் கவலை. பின்னாளில் கோவை நீரேற்றும் பம்புகளுக்குப் பெயர்பெற்றதன் வித்து இந்தக் கவலையில்தான் இருக்கிறது. ஏற்றத்தின் பெயரே 'கவலை' என்றிருப்பதும் எவ்வளவு பொருத்தம்!

உழவனுக்குத் துணையாக அறிவியலும் வந்து சேர்ந்தது. சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் இயங்கிய வேளாண்மைக் கல்லூரி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டது. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. 'கோ' என்ற எழுத்தோடு வழங்கும் கரும்பு இனங்கள் அங்கிருந்துதான் இந்தியாவின் வயல்களுக்குச் சென்றன. அந்தக் 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பதே.

நகராட்சியும் இரயிலும் முதல் ஆலையும்

1862இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை போத்தனூரை எட்டியது. 1873இல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போடப்பட்டது. நீலகிரியின் காப்பியும் தேயிலையும் கீழே இறங்கவும், வெளியூர்ச் சரக்கு மேலே ஏறவும் கோவையே வாயிலாயிற்று.

இதற்கு இடையில், 1866இல் கோயம்புத்தூர் நகராட்சி ஆயிற்று. அதன் முதல் தலைவராக இருந்தவர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலோடு வந்தவர். 1862இல் பள்ளி ஒன்றும் தொடங்கியவர். அவர் முயற்சியில் 1888இல் எழுந்ததே கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலை. ஊரார் வாயில் அது 'ஸ்டேன்ஸ் மில்' ஆயிற்று.

ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியவுடன் ஊர் முழுதும் ஆலைகள் முளைத்துவிடவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தே, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், காளீஸ்வரா ஆலையும் குப்புசாமி நாயுடுவின் இலட்சுமி ஆலையும் வருகின்றன. ஆயினும் அந்த இருபது ஆண்டுகள் வீணாகவில்லை என்றே கருதத் தோன்றுகிறது. இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள், பழுது பார்க்கத் தெரிந்த மேஸ்திரிகள், பஞ்சின் தரம் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் என ஒரு தலைமுறை அந்த ஆலைக்குள்ளேயே உருவானது. அடுத்து வந்தவர்களுக்கு ஆள் தேடி மான்செஸ்டர் செல்ல வேண்டியிருக்கவில்லை.

நீரும் ஒளியும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் கோவையை வாட்டியது பிளேக் நோய். மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் விளங்கும் கோயில்கள் அந்நாட்களின் நினைவுச்சின்னங்கள். கொள்ளைநோய்க்கு அஞ்சி மக்கள் காலிசெய்துவிட்டுப் போகும் ஊரில் எவன் தொழில் தொடங்குவான்? எவன் ஆலைக்கு ஆளாக வந்து தங்குவான்? ஆகவே நல்ல குடிநீரும் காற்றோட்டமான குடியிருப்பும் அன்றைய கோவைக்கு உயிர்ப்பிரச்சினைகளாகவும் தொழிற்பிரச்சினைகளாகவும் ஒருங்கே இருந்தன.

இங்கு இலக்கிய அன்பர்கள் மறக்கக்கூடாத ஒருவர் சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922). 'கோயமுத்தூர் கலாநிதி' என்னும் இதழை நடத்தியவர்; தமிழின் தொடக்ககாலப் பயண நூல்களுள் ஒன்றை எழுதியவர். மேற்கு மலையில் வீழும் சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வாதாடியவர் அவர். அன்று அதைக் கனவு என்றே பலரும் ஒதுக்கியிருப்பார்கள். அக்கனவு நனவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. நகராட்சித் தலைவர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் விடாமுயற்சியால் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுவாணி நீர் நகரை அடைந்தது. இன்று ஆர். எஸ். புரம் என்று நாம் சுருக்கி அழைக்கும் பகுதி அவர் பெயரால் அமைந்த இரத்தினசபாபதிபுரமே. ஒரு பத்திரிகையாசிரியர் எழுப்பிய குரலை ஒரு நகரசபை செயலாக்கியது. இதைவிடச் சிறந்த முதலீட்டை எந்த வங்கி செய்திருக்கிறது?

நீருக்கு அடுத்து ஒளி. நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் பணிகள் 1929இல் தொடங்கி, 1932இல் மின் உற்பத்தி தொடங்கியது. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நீரை வீழ்த்தி மின்சாரம் எடுத்த திட்டம் அது. அதுவரை நீராவியை நம்பி இயங்கிய ஆலைகளுக்கு நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து இரயிலில் வரவேண்டியிருந்தது. மலையிலிருந்து கம்பி வழியே மின்சாரம் இறங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று.

காலப் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். 1929க்குப் பின் உலகெங்கும் பொருளாதார மந்தம். விளைபொருள் விலை சரிந்தது. நிலத்திலும் வட்டியிலும் போட்ட பணம் பலன் தராத காலம். கையில் சேமிப்பிருந்த உழவரும் பஞ்சு வணிகரும் வேறு வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மலிவான மின்சாரம் வாசலில் வந்து நின்றது. உறவினர், ஊரார், வணிகக் கூட்டாளிகள் ஆகியோரிடம் பங்கு திரட்டி ஆலைகள் எழுந்தன. 1930களில் சிங்காநல்லூர், பூளைமேடு, உப்பிலிபாளையம் என்று அவிநாசி சாலையும் திருச்சி சாலையும் ஆலைப் புகைபோக்கிகளால் நிறைந்தன. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டம் நிலைத்தது. 1929இல் இந்தியத் தொழில் வர்த்தக சபையும், 1933இல் தென்னிந்திய ஆலைகள் சங்கமும் கோவையில் தோன்றின.

மின்சாரத்தின் பயன் ஆலை முதலாளியோடு நிற்கவில்லை என்பதே நம் கதைக்கு முக்கியம். நீராவி இயந்திரம் வைக்கப் பெருஞ்செல்வம் வேண்டும். மின்சாரம் அப்படியன்று. ஒற்றை லேத் வைத்திருப்பவனும் ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாம். சிறிய பட்டறை என்பது பெரிய ஆலைக்குப் பக்கத்தில் உயிர்வாழ முடிந்தது அதனால்தான்.

பழுது பார்த்தவர்கள் படைத்தவர்களான கதை

ஆலை இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்று உறுப்பு கப்பலில் வரவேண்டும். உலகப்போர்க் காலங்களில் கப்பலும் வராது. ஆலை நின்றால் நாளொன்றுக்கு நட்டம் ஏறும். "இதேபோல ஒன்று செய்து தரமுடியுமா?" என்று ஆலைக்காரர் உள்ளூர் வார்ப்படச்சாலைக்காரரைக் கேட்டிருப்பார். செய்து பார்த்தார்கள், பல முறை உடைந்திருக்கும், ஒரு முறை நிலைத்திருக்கும். 1920களில் தண்டாயுதபாணி வார்ப்படச்சாலை போன்றவை கரும்பாலைகளையும் வேளாண் கருவிகளையும் செய்யத் தொடங்கியிருந்தன. பழுது பார்ப்பதில் தொடங்கி, உறுப்பு செய்வதில் வளர்ந்து, முழு இயந்திரம் செய்வதில் முடிந்த பயணம் அது.

1937இல் டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி. டி. நாயுடுவின் ஒத்துழைப்போடு உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. மின்சாரம் வந்து ஐந்தாண்டுகளுக்குள் மோட்டார் வந்துவிட்டது! மோட்டாரோடு பம்பைச் சேர்த்தால் கிணற்றுக் கவலை தீர்ந்தது. வாங்குவதற்குச் சுற்றுவட்டார உழவர் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பண்டம் செய்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே ஒரு மாட்டுவண்டிப் பயணத்தொலைவுதான். பம்பு சரியில்லை என்றால் மறுநாளே உழவர் பட்டறை வாசலில் வந்து நிற்பார். அந்தத் திட்டுகளே அன்றைய தரக்கட்டுப்பாடு என்று கொள்ளலாம்.

ஜி. டி. நாயுடுவைப் (1893–1974) பற்றிச் சொல்லாமல் கோவை வரலாறு நிறைவுறாது. கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, உணவு விடுதியில் வேலைபார்த்து, 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கியவர். பேருந்துகள் பெருகின, அவற்றைப் பழுதுபார்க்கப் பணிமனை வந்தது, பணிமனையிலிருந்து ஆய்வும் புதுப் பொருள்களும் வந்தன. அவர் ஒரு தனிமனித அதிசயம் என்றே நாம் கொண்டாடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் பணிமனைக்கு வேண்டிய வார்ப்படமும், கடைசல் தெரிந்த கைகளும், மலிவான மின்சாரமும் நடந்துபோகும் தொலைவில் கிடைத்த ஊரில் அந்த அதிசயம் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1955இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். ஊத்துக்குளிப் பகுதியின் கல், கோவையின் மோட்டார், தமிழ்நாட்டின் இட்லி. இம்மூன்றும் சந்தித்த இடம் அது. ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்து கைசோர்ந்த பெண்களுக்கு அக்கண்டுபிடிப்பு எத்தகைய விடுதலை என்பதை எந்தப் பொருளாதாரக் கணக்கும் அளந்ததில்லை. பின்னாளில் கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. மோட்டார் ஒருவர், கல் ஒருவர், தகடு ஒருவர், பூச்சு ஒருவர் என்று வேலை பிரிந்து செல்வதால், வீட்டின் முன்னறையிலேயே கிரைண்டர் தொழில் தொடங்கியவர்கள் ஏராளம்.

ஐந்தாம் பங்கு

கல்விக்கு ஊர் போட்ட முதலைத் தனியே சொல்ல வேண்டும். பூளைமேட்டு உழவர் குடும்பத்தைச் சேர்ந்த பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர், 1926இல் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. அவ்வாறு பிறந்ததே பி. எஸ். ஜி. அறநிலையம். சத்திரம் கட்டி அன்னமிட்டிருந்தாலும் ஊர் வாழ்த்தியிருக்கும். அவர்கள் அதே ஆண்டில் தொழிற்பட்டறையுடன் கூடிய பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். 1939இல் பாலிடெக்னிக், 1951இல் பொறியியல் கல்லூரி என்று அது வளர்ந்தது. மாணவர் பாடம் படித்த வளாகத்திலேயே மோட்டாரும் பம்பும் விற்பனைக்காகச் செய்யப்பட்டன. கரும்பலகையில் வரைந்த உருவத்தை மறுமணி நேரத்தில் இரும்பில் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது.

1945இல் ஜி. டி. நாயுடுவின் கொடையைக் கொண்டு ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. பொறியியல் கற்பிக்க நான்காண்டுகள் எதற்கு, இரண்டே போதும் என்று வாதிட்டு, அரசு இசையாமற்போகவே அவர் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் கருத்து சரியா தவறா என்பதை விட்டுவிடுவோம். ஒரு தொழிலதிபர் பாடத்திட்டத்துக்காக அரசோடு மல்லுக்கு நின்றார் என்பதே அக்காலத்துக் கோவையின் மனப்போக்கைக் காட்டப் போதுமானது. 1956இல் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியும், அதே ஆண்டில் ஆலைகள் கூடி நிறுவிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய சிட்ராவும் வந்தன. ஒருவரோடொருவர் போட்டியிடும் ஆலைகள், ஆராய்ச்சிக்கு மட்டும் ஒன்றுசேர்ந்து செலவு செய்தன. 1962இல் இலட்சுமி ஆலைக் குடும்பம் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு கூடி நூற்பு இயந்திரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. இயந்திரத்தைக் கப்பலில் வரவழைத்த ஊர் இயந்திரம் செய்யும் ஊராயிற்று.

சிறியவர்களும் தங்களுக்கென ஓர் அமைப்பைக் கண்டார்கள். 1969இல் கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமாகிய கொடிசியா பிறந்தது. மூலப்பொருள் ஒதுக்கீட்டுக்காக அரசு அலுவலகங்களில் தனித்தனியே காத்துக்கிடந்தவர்கள் ஒரே குரலில் பேசத் தொடங்கினார்கள். குறிச்சியில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்தது. பட்டறைகளுக்கு இடையே எழுதப்படாத ஓர் ஒழுங்கும் நிலவியது. என்னிடம் இல்லாத இயந்திரம் உன்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லாத ஆர்டர் என்னிடம் இருக்கிறது, மாற்றிக்கொள்வோம். 'ஜாப் ஒர்க்' என்று கணக்கில் எழுதும் இந்த உறவில் பாதி தொழில், பாதி நம்பிக்கை. புதிதாகத் தொடங்குபவன் எல்லா இயந்திரங்களையும் வாங்க வேண்டியதில்லை. தெருவில் எல்லா இயந்திரங்களும் இருக்கின்றன. நேற்றுவரை கூலிக்குக் கடைசல் பிடித்தவனுக்கு, அவன் முதலாளியே பழைய லேத்தைத் தவணைக்குக் கொடுத்து, முதல் ஆர்டரையும் கொடுத்துத் தனியே அனுப்பும் வழக்கமும் இங்கு உண்டு.

எழுதப்படாத கடன்

இதுவரை வரவைச் சொன்னோம். செலவையும் சொன்னால்தான் கணக்கு நேர்மையாகும். ஊர் போட்ட முதலில் பெரும்பகுதி தொழிலாளர் உழைப்பு. அதற்கு ஈடாக அவர்கள் பெற்றது என்ன? குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், நெருக்கடியான குடியிருப்பு. கூலிக்காகவும் மதிப்புக்காகவும் கோவைத் தொழிலாளர் நடத்திய போராட்டங்கள் கொடுமையான அடக்குமுறையைச் சந்தித்தன. 1946 சனவரி 8 அன்று, இரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் ஆகிய நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அவர்களை ஊர் நினைவுகூர்கிறது. ஆலை நிறுவியவர்களின் பெயர்களைச் சாலைகளிலும் கல்லூரிகளிலும் காண்கிறோம். இந்நால்வர் பெயரையும் அதே வரலாற்றின் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மற்றொரு கடன்காரர் நொய்யல். ஆலையும் நகரமும் சாயப்பட்டறையும் அந்த ஆற்றில்தான் தம் கழிவை இறக்கின. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உழவர் நடத்திய நெடிய வழக்கின் முடிவில், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கொடுமணலின் மணிகளுக்கு நீர் தந்த ஆறு அது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அமைதியும் ஒரு முதலே என்பதைக் கோவை கசப்போடு கற்றுக்கொண்டது. 1997 நவம்பரில் நடந்த மதக்கலவரமும், 1998 பிப்ரவரி 14 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்புகளும் நகரின் வணிகத்தைப் பல ஆண்டுகள் முடக்கின. நூறாண்டுகள் சேர்த்த நம்பிக்கையைக் கரைக்கச் சில நாட்கள் போதும்.

இன்றைய கேள்வி

2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில் மிகுதியாக அடிபட்டவை கோவையின் சிறு பட்டறைகள். பெரிய ஆலை ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளும். ஒற்றை லேத்காரன் என்ன செய்வான்? பைக்காரா மின்சாரத்தால் பிறந்தவன் மின்சாரம் இல்லாமலே வீழ்ந்தான். அதைத் தொடர்ந்து 2016இல் பணமதிப்பிழப்பு, 2017இல் சரக்கு சேவை வரி, 2020இல் பொதுமுடக்கம் என்று அடிமேல் அடி. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது; ஓடாத நேரத்துக்கும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணத்தை எதிர்த்து 2023 செப்டம்பரில் சிறுதொழில் முனைவோர் ஒருநாள் கதவடைப்பு செய்தார்கள். பம்புத் தொழிலில் குஜராத்தின் ராஜ்கோட்டும் அகமதாபாத்தும் கடும் போட்டியாக வளர்ந்துவிட்டன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் பொதுமுடக்கத்தோடு ஓட்டம் நின்றன. பழைய ஆலை நிலங்கள் சிலவற்றில் வணிக வளாகங்கள் எழுந்துள்ளன.

புதிய முதலீடு வராமல் இல்லை. 1998இலேயே பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழில்முனைவோர் பூங்கா தொடங்கப்பட்டது. 2010இல் டைடல் பூங்கா வந்தது. அடைகாக்கும் மையங்கள் என்று புதுப்பெயரில் இளைஞர்களுக்கு இடமும் ஆலோசனையும் தருகிறார்கள். இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. அடைகாக்கும் மையம் பத்துப் பேருக்கு இடம் தரும். பட்டறைத் தெரு ஆயிரம் பேருக்கு இடம் தந்தது. நிலத்தின் விலை ஏறி, குடியிருப்புகள் நெருங்கி, ஓசையும் புகையும் தொல்லை என்று ஊருக்குள்ளிருந்து வார்ப்படச்சாலைகள் தொலைவுக்குத் தள்ளப்படுகின்றன. குடியிருப்போர் மூச்சுவிடும் உரிமை நியாயமானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வார்ப்படக்காரர் ஒரு திசையில், கடைசல்காரர் ஒரு திசையில், பூச்சுவேலைக்காரர் ஒரு திசையில் சிதறிவிட்டால், "நடந்துபோகும் தொலைவு" என்ற பெருஞ்செல்வம் எங்கே போகும்? இன்னொரு சபாபதி இன்று புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால், வாடகை கட்டுப்படியாகும் ஒரு முன்னறை அவருக்கு ஊருக்குள் கிடைக்குமா?

நகர நிர்வாகம் இதற்குச் செய்யக்கூடியது ஒன்றும் மந்திரமல்ல. கோவை முன்பே செய்து காட்டியதுதான். பட்டறைகள் கூட்டமாக அமர இடம், ஓட்டத்துக்கேற்ற மின்கட்டணம், கழிவையும் புகையையும் பொதுவில் சுத்திகரிக்கும் வசதி, சிறியவனும் தன் பண்டத்தைச் சோதித்துப் பார்க்கக் குறைந்த கட்டணத்தில் சோதனைக்கூடம், தொழிலாளி கண்ணியமாகக் குடியிருக்க வீடு. நரசிம்மலு நாயுடு சிறுவாணியைப் பற்றிப் பேசியபோது அதுவும் பலருக்குச் செலவாகவே தோன்றியிருக்கும். அந்த நீரைத்தான் கோவை இன்றும் குடித்துக்கொண்டிருக்கிறது.

முன்னோர் போட்ட முதலின் வட்டியில் நாம் வாழ்கிறோம். நம் பங்குக்கு என்ன போடப்போகிறோம் என்பதை ஒவ்வோர் ஊராரும் தம் ஊரை நோக்கிக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் ஊரிலும் இத்தகைய எழுதப்படாத கணக்கு ஒன்று இருக்கக்கூடும். அதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், நண்பர்களே.